குருநகரில் ஒரு குரலுக்குப் பூட்டுப் போட்டது

பெரியவளே, சின்னவனே,

நான் கடல் தாண்டிப் போய் வந்ததிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். பேச முடியாத மனிதருக்குக் குரல் எப்படி வந்தது, அது ஏன் தானாகப் பேசியது, அதைக் கேட்டாலே அப்பா ஏன் பேச்சை மாற்றுகிறார் என்று. நான் பத்தாவதோடு நின்று, ஐடிஐயில் வயர்மேன் படித்து, அப்புறம் கணினி ரிப்பேருக்கு வந்தவன். எழுத்து எனக்குச் சரளமாக வராது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அதில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் ஆளைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்துவிட்டால் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவித்தல் சொல்லிக்கொண்டு போவார்கள். இன்னார் காலமானார், அடக்கம் எத்தனை மணிக்கு, உற்றார் உறவினர் நண்பர்கள் இந்த அறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும் என்று. அங்கே கடலோரத்தில் இருக்கிற குருநகரில் அந்த வேலையைப் பல வருடமாகச் செய்தவர் அருளப்பர். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

அவருடைய மருமகன் ஜெனிஸ்ரன் நோர்வேயில் இருக்கிறார். எங்கள் லினக்ஸ் நண்பர் குழுவில் எனக்குப் பழக்கம். மாமாவுக்காக அவர் ஒரு மென்பொருள் எழுதினார். மாமா எழுத்தை அடித்தால், அது மாமாவின் பழைய குரலிலேயே பேசும். அதற்கு அந்தக் குரலின் பதிவு வேண்டுமே? மீன்பிடிக்கிற தெருவில் யார் யாருடைய பேச்சைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்? இருந்தது ஒன்றுதான், செத்த வீட்டு வீடியோ. வெளிநாட்டுப் பிள்ளைகள் வர முடியாது என்று இறுதிச் சடங்கை முழுசாக வீடியோ எடுத்து அனுப்புவது அங்கே வழக்கம். எல்லா வீடியோவின் தொடக்கத்திலும் அருளப்பரின் அறிவித்தல் ஓடும். ஜெனிஸ்ரன் ஊர் ஊராகக் கேட்டு அவற்றைச் சேர்த்தார். நம் கடையில் உட்கார்ந்து அவற்றைச் சொல் சொல்லாக, எழுத்தெழுத்தாக வெட்டிக் கொடுத்தது நான். நீங்கள் பள்ளி விட்டு வரும்போது காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே, அதுதான்.

அப்புறம் ஒரு நாள் ஜெனிஸ்ரன் கூப்பிட்டார். "அண்ணை, மாமான்ரை குரல் தன்ரை பாட்டுக்குக் கதைக்குதாம். உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை பேரை வாசிக்குதாம். கொம்பியூட்டர் திருத்த வந்த பெடியள் ரெண்டு பேரும் பேரைக் கேட்டோடனை சைக்கிளை எடுத்துப் போட்டினம். மாமி அந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டியைக் கடலிலை போடப் போறாவாம்." அந்தக் குரலின் ஒவ்வொரு துண்டும் எனக்குத்தான் தெரியும். நம் நாகப்பட்டினத்திலிருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம்தானே. கிளம்பிவிட்டேன்.

கப்பலில் இறங்கி யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் ஏறியதும் நடத்துநர் என் பையை வாங்கி ஓட்டுநருக்குப் பக்கத்தில் வைத்தார். பாட்டு அலறியதில் இறங்க வேண்டிய இடம் என்று நினைத்து முன்னாலேயே இறங்கிவிட்டேன். பை மட்டும் யாழ்ப்பாணம் போனது. பின்னால் வந்த பஸ்ஸில் நான் போய்ச் சேர்ந்தபோது, பஸ் நிலையத்து அலுவலரின் நாற்காலியில் என் பை உட்கார்ந்திருந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார். "உம்மடை பை நேரத்துக்கு வந்திட்டுது. நீர்தான் பிந்திப் போனீர்" என்றார்.

தேநீர்க் கடையில் பிளேன் ரீயோடு ஒரு துண்டு பனங்கட்டி, நம் ஊர்க் கருப்பட்டி, கொடுத்தார்கள். நம் ஊரில் பால் இல்லாமல் டீ கொடுத்தால் சண்டைக்குப் போவோம். நான் பனங்கட்டியை உள்ளே போட்டுக் கலக்கினேன்.

"இந்தியாவோ?" என்றார் கடைக்காரர்.

"ஓம்" என்றேன், அவர்கள் மாதிரியே.

"ஓமெண்டு சொன்னால் காணாது, கடிச்சுக் குடிக்கவும் தெரிய வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அறிவித்தல் அருளப்பர் வீட்டுக்கு வழி கேட்டதும் சிரிப்பு நின்றது. கடைக்காரர் கை காட்டினார். "நேரை போங்கோ, கோயிலடியாலை திரும்புங்கோ. உங்கடை பேரை மட்டும் அங்கை சொல்லிப் போடாதையுங்கோ."

வெயில் நெற்றியில் அடித்தது. வலை காயப்போட்ட ஒழுங்கை, அதாவது சந்து. கடைசி வீடு. அருளப்பரின் மனைவி செசிலியா கதவைத் திறந்தார். கூடத்து மேசையில் கணினி. அதன் திரை மேல் ஒரு செபமாலை தொங்கியது.

அருளப்பர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். உயரமான மனிதர், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. எனக்கு அந்த நொடி என்னவோ போல ஆகிவிட்டது. மாதக்கணக்கில் அவர் குரலைக் காதுக்குள் வைத்திருந்தவன் நான். அவர் மூச்சு எங்கே இழுபடும், எந்த எழுத்தில் தழுதழுக்கும் என்று தெரியும். அவரோ ஒரு சத்தமும் இல்லாமல் எதிரில் நிற்கிறார். குரல் ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலுமாக அதற்கு முன் நான் யாரையும் பார்த்ததில்லை.

அவர் உட்கார்ந்து எழுத்தை அடித்தார். மேசையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"வாருங்கோ தம்பி. சாப்பிட்டியளோ."

'சாப்பிட்டியளோ' என்ற சொல், 'காலமானார்' என்ற சொல்லின் ராகத்திலேயே வந்தது. எங்களிடம் இருந்த பதிவுகள் எல்லாம் அந்த ராகம்தானே. செசிலியா அம்மாவுக்குப் பழகிவிட்டது போல. இடியப்பமும் மீன் சொதியும் எடுத்து வந்தார். "உவர் உப்புக் கேட்டாலும் இழவு சொல்லுற மாதிரித்தான் இருக்கும். அதுக்கு நான் பயமில்லைத் தம்பி. உவர் கேக்காமல் வாறதுக்குத்தான் பயம்."

சாப்பிட்டுக் கை கழுவும்போது வாசலில் ஒரு பெண் மீன் சட்டியோடு வந்து நின்றார். நேசம்மா என்று பெயர். உள்ளே வரவில்லை. "உதோ இந்தியாவிலையிருந்து வந்த பரியாரி? பெட்டிக்குப் பேயோட்ட வந்தவரோ?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். போனில் ஏதோ தட்டினார்.

அருளப்பர் கிணற்றடியில் இருந்தார். செசிலியா அம்மா என் பக்கத்தில். மேசையருகே யாரும் இல்லை. அப்போது அது சொன்னது, மெதுவாக, ஒவ்வொரு பெயருக்கும் மரியாதையான இடைவெளி விட்டு:

"நேசம்மா... அந்தோனிப்பிள்ளை."

நேசம்மா சட்டியைக் கீழே வைத்தார். "கேட்டியளோ? ஒவ்வொரு நாளும் என்னைச் சாகடிக்குது. செத்த அறிவித்தல் வந்தவளிட்டை நண்டு வாங்க மாட்டமெண்டு சனம் சொல்லுது."

எனக்கும் பயம்தான், மறைக்கவில்லை. ஆனால் திரையின் ஓரத்தைப் பார்த்தேன். சின்னச் சீட்டு ஒன்று வந்து மறைந்தது. நேசம்மா போனிலிருந்து செசிலியா அம்மாவுக்கு 'நண்டு இருக்கு' என்று அனுப்பிய செய்தி. செசிலியா அம்மாவுக்கு வரும் செய்தி இந்தக் கணினியிலும் தெரியும், அதில் அனுப்பியவர் பெயர். மென்பொருள் அந்தப் பெயரை எடுத்துப் படித்துவிட்டது. யார் செய்தி அனுப்பினாலும் அவர் பெயரை வாசிக்கும், அவ்வளவுதான். விளக்கிச் சொன்னேன்.

"அப்ப நான் சாகேல்லையோ?"

"இல்லை அம்மா."

"அப்ப நண்டு எடுங்கோ."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. புதுப் பதிப்பில் இந்தக் கோளாறு சரியாகியிருக்கும் என்று அப்டேட் பொத்தானை அழுத்தினேன். பாஸ்வேர்டு கேட்டது. செசிலியா அம்மா சொன்னார், அடித்தேன். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று நானும் பார்க்கவில்லை.

மறுநாள் ஒரு சைக்கிள் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் இல்லாதவனை நோயாளி மாதிரிப் பார்க்கிறார்கள். கடற்கரைப் பக்கம் போனபோது பின் டயர் காற்றுப் போய்விட்டது. தள்ளிக்கொண்டு வந்தேன். நடுப்பகல். ஒரு நாய்கூட இல்லை. நிழலுக்காக ஒரு மதிலோரம் ஒதுங்கினேன். உள்ளே சிலுவைகள் தெரிந்தன. கத்தோலிக்கர்களின் சேமக்காலை, அதாவது கல்லறைத் தோட்டம்.

கல்லில் இருந்த பெயர்களை வாசித்தேன். மரியாம்பிள்ளை சூசைதாசன். அன்னம்மா பிலிப்பு. எனக்கு எல்லோரையும் தெரிந்தது. நான் வெட்டிய துண்டுகள். சூசைதாசனில் 'தா'வை எடுத்தேன், அன்னம்மாவில் 'ம்மா'வை. இந்த மனிதர்களின் முகம் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் அவர்கள் பெயரின் எழுத்துகளைப் பிரித்து எடுத்துத்தான் அருளப்பர் தண்ணீர் கேட்கிறார், சாப்பிட்டியளோ என்கிறார். சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அவர்களிடம் யாரும் கேட்கவில்லையே என்று தோன்றியது.

நான் வீட்டுக்கு வந்த பிறகு மூன்று பேரும் கூடத்தில் இருந்தோம். அருளப்பர் சுவரோரம் சாய்வு நாற்காலியில், கைகள் மடியில். திரையில் சீட்டு எதுவும் வரவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் பெட்டி பேசியது:

"செசிலி. கொஞ்சம் கஞ்சி தா. உப்புப் போடாதை."

செசிலியா அம்மா எழுந்துவிட்டார். "உது போன தபசு காலத்திலை, பெரிய வெள்ளிக்கு முந்திக் கேட்டது. உவருக்குக் காய்ச்சல். அண்டைக்குக் கேட்டது உது."

அருளப்பர் இல்லை என்று தலையை ஆட்டினார். மேசைக்கு வந்து அவசரமாக அடித்தார். அதே குரல் சொன்னது:

"நான் சொல்லேல்லை."

ஒரே வாய், பிள்ளைகளே. கஞ்சி கேட்டதும் அதுதான், நான் சொல்லவில்லை என்றதும் அதுதான். செசிலியா அம்மா கணவரைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ரெண்டிலை எது என்ரை மனுசன்? சொல்லுங்கோ தம்பி. அது தெரியாட்டில் உது எனக்கு வேண்டாம். நீங்கள் வெளிக்கிடுறதுக்குள்ளை உதைத் திருத்தாட்டில் நான் உதைக் கடலிலை போடுவன்."

அருளப்பர் மறுபடி அடித்தார். "இது போனால் நான் ரெண்டாம் தரம் ஊமை."

அப்போதுதான் நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். எந்த மென்பொருள் வெளியே இணையத்தில் பேசுகிறது என்று காட்டும் திரையைத் திறந்தேன். பேச வைக்கிற மென்பொருளுக்கு இணையம் எதற்கு? ஆனால் அதன் பெயரும் அங்கே ஒரு வரியில் இருந்தது. அருளப்பரை 'தண்ணி' என்று அடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த வரி துடித்தது. அவர் நிறுத்தினால் நின்றது. அடித்தால் துடித்தது. மேசைக்கு அடியில் யாரோ உட்கார்ந்து எழுதிக்கொள்வது போல.

இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஜெனிஸ்ரனைக் கூப்பிட்டுக் கண்டதைச் சொன்னேன். "அண்ணை, எனக்கு வேலை கூடிப் போச்சுது. போன வருசம் ஒருத்தர் வடிவா மெயில் போட்டார், தான் இதைப் பாத்துக்கொள்ளுறன், அப்டேட் தான் போடுறன் எண்டு. நல்ல மனுசன் எண்டு நினைச்சுக் குடுத்திட்டன்."

"யார் அவர்?"

"முகம் தெரியாது. பேரும் உண்மையோ தெரியாது."

பேய் இல்லை, பிள்ளைகளே. ஒரு ஆள். எந்த நாட்டிலோ இருக்கிற ஒருவன் ஒரு வருடமாக அந்த வீட்டுக் கூடத்தில் இருந்திருக்கிறான். கணவன் மனைவியிடம் கேட்ட கஞ்சி, காய்ச்சல், கோபம், சமாதானம் எல்லாம் அவன் கைக்குப் போயிருக்கிறது. எதற்கு என்று தெரியாது. பழைய பேச்சில் அந்தக் கஞ்சியை எடுத்து ஏன் திருப்பிச் சொன்னது என்று ஜெனிஸ்ரனாலும் சொல்ல முடியவில்லை. இன்றுவரை தெரியாது.

இது எப்படி நடந்தது என்று நீங்கள் புரிந்துகொள்ளுங்கள். அந்தக் கணினியில் ஓடும் லினக்ஸில் மென்பொருளுக்கென்று ஒரு கடை உண்டு, அதிலிருந்து எடுக்கிற மென்பொருளைப் பலர் பார்த்திருப்பார்கள். ஜெனிஸ்ரனுடையது மாதிரி வெளியார் எழுதியது அந்தக் கடையில் இருக்காது. அதனால் இணையத்தில் ஒரு வரியை எழுதி வைப்பார்கள், 'இதை நகல் எடுத்து ஒட்டு, பாஸ்வேர்டு கொடு' என்று. ஒட்டினால் வேலை நடக்கும். ஆனால் அந்தப் பாஸ்வேர்டு வீட்டின் மொத்தச் சாவிக்கொத்து. ஒரு விருந்தாளிக்குக் கூடத்தைக் காட்டுவதற்குப் பதில் பீரோச் சாவி, பின்கதவுச் சாவி எல்லாம் கொடுப்பது. அந்த விருந்தாளி இன்னொருவனை அனுப்பினால் அவனுக்கும் அதே சாவி.

சரியான வழியும் இருக்கிறது. மென்பொருளை அதற்கென்று ஓர் அறையில் அடைத்து அனுப்பலாம். அந்த அறைக்கு இணையக் கதவு கிடையாது, வீட்டுக் கோப்புகள் தெரியாது, ஓரச் சீட்டு தெரியாது. அடைத்தவர் தன் முத்திரையைப் பதிப்பார். முத்திரை மாறினால் கணினி உள்ளே விடாது. ஜெனிஸ்ரன் அங்கிருந்து தன் பழைய, சுத்தமான பதிப்பை அப்படி அடைத்தார். நான் குருநகரில் புது ஹார்ட் டிஸ்க் மாட்டி, லினக்ஸைப் புதிதாகப் போட்டு, ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இரண்டு நாள் போனது. நண்டுக் குழம்பும் பாணும்தான் சாப்பாடு, பாண் என்றால் நம் ஊர் பிரெட். நேசம்மா தினமும் வாசலில் நின்று, "பேய் செத்துதோ?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

நான் போன பிறகு செசிலியா அம்மாவுக்கே இதைப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவரையே செய்யச் சொன்னேன். திரை கேட்டது: இது உங்கள் கோப்புகளைப் பார்க்கலாமா? ஓம். இணையத்துக்குப் போகலாமா? ஓம். மைக்கைக் கேட்கலாமா? ஓம். எல்லாவற்றுக்கும் ஓம்.

"அம்மா, படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்."

"படிச்சனான். வீட்டுக்கு வந்தது கேக்குது, இல்லையெண்டு சொல்லுறதோ? மரியாதையில்லைத் தம்பி."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வாசலிலிருந்து நேசம்மா கத்தினார். "செசிலி, நீ என்னட்டைச் செவுளைத் திறந்து பாக்காமல் ஒரு மீன் வாங்கியிருப்பியோ? உதிலை மட்டும் என்ன மரியாதை?"

"மீன் என்னைக் கேக்கிறேல்லை. உது கேக்குதெல்லே."

அவர் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. கேட்டால் ஓம் சொல்லுகிற வீட்டில், கேட்பதே தப்பு. ஜெனிஸ்ரனிடம் சொன்னேன். அவர் எல்லாக் கேள்வியையும் எடுத்தார். கோப்பும் இணையமும் மைக்கும் அதற்குக் கேட்காமலே கிடையாது. ஒரே கேள்வி மிஞ்சியது: 'இது ஒலிபெருக்கியில் பேசலாமா?'

முத்திரை என்பது ஒரு நீளமான எழுத்துவரிசை, அதை ஒரு முறை ஒத்துப் பார்க்க வேண்டும். ஜெனிஸ்ரன் போனில் எழுத்தெழுத்தாகச் சொன்னார், மாமி திரையில் விரல் வைத்துத் திருப்பிச் சொன்னார், செவுளைத் திறந்து பார்க்கிற அதே முகத்தோடு. "வடிவாச் சொல்லடா, அவசரப்படாதை" என்று நடுவில் அவரைத் திட்டினார். எல்லாம் பொருந்தியது. ஒரே கேள்வி வந்தது. "ஓம்" என்றார் செசிலியா அம்மா. அழுத்தினார்.

நேசம்மாவை நண்டுச் செய்தி அனுப்பச் சொன்னோம். ஓரத்தில் சீட்டு வந்தது, போனது. கூடம் அமைதியாக இருந்தது. மீண்டும் அனுப்பச் சொன்னோம். அமைதி. நேசம்மா முதல் முறையாக வாசற்படி தாண்டி உள்ளே வந்தார்.

போன் இன்னும் மேசையில் இருந்தது. ஜெனிஸ்ரன் அதில் சொன்னார், மெதுவாக: "மாமா, ஒண்டு சொல்ல வேணும். உங்கடை குரல் இப்பவும் அவனிட்டை இருக்கு. அதைத் திருப்பி வாங்கேலாது. அவன் அதை வைச்சு என்ன கதைக்கிறான் எண்டு எங்களுக்குத் தெரிய வராது."

அருளப்பர் நாற்காலியை மேசைக்கு இழுத்தார். நிதானமாக அடித்தார். எந்த வரியும் துடிக்கவில்லை.

"அவன்ரை பேரைக் கண்டுபிடி. நான் அறிவித்தல் சொல்லுறன்."

நேசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செசிலியா அம்மா சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, கணவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "ஓம், இது என்ரை மனுசன்தான்" என்றார். செபமாலையை மட்டும் அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

கிளம்புகிற அன்று காலை, தங்கியிருந்த அறையில் எனக்கு ஒரு வேலை பாக்கி. கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் என்னிடம் இருந்தது. அதை அழித்துவிட்டுத்தான் போக வேண்டும். என் மடிக்கணினியில் மாட்டினேன். இணையத்தை அணைத்து, ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தேன். அழிக்கும் முன் அந்த டிஸ்க்தானா என்று அதைப் பேச வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்து அடிக்கிற கட்டம் திறந்தது. குறி மினுங்கிக்கொண்டு காத்திருந்தது.

யார் கணினியைச் சோதித்தாலும் நான் உங்கள் பெயரைத்தான் அடிப்பேன். கை தானாகப் போகும். பெரியவளின் பெயரில் முதல் எழுத்து திரையில் வந்துவிட்டது.

அது வெறும் மென்பொருள், அந்தக் குரலைத் துண்டு துண்டாக வெட்டியதே நான், ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் பேசு என்ற பொத்தானை அழுத்த முடியவில்லை. அந்த ஓர் எழுத்தை அழித்தேன். கட்டம் காலியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அப்புறம், ஒன்றும் பேசவிடாமல், மொத்த டிஸ்க்கையும் அழிக்கக் கொடுத்துவிட்டு, அது முடிகிற வரை அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.